அணைக்கட்டைத் தாண்டாத ஆமைகள்

2022 ஜூன் 16ஆம் திகதி நான் இலங்கையின் வடக்கே கிளிநொச்சியில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ரொறன்ரோவில் இருக்கும் என் மாமாவின் மகன் அன்று மதியம் தொலைபேசியில் அழைத்து, ஒரு வணக்கமும் சொல்லாமல், ‘மச்சான், ஆமையள் வந்திட்டினம், குரல் அப்பிடியே கிடக்குது’ என்றான். ‘ரீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்ட்டில்ஸ்: ஷ்ரெடர்ஸ் ரிவெஞ்ச்’ என்ற கணினி விளையாட்டு அன்றுதான் வெளியாகியிருந்தது. மொன்றியலைச் சேர்ந்த ட்ரிபியூட் கேம்ஸ் அதை உருவாக்க, பாரிஸைச் சேர்ந்த டொட்டெமு நிறுவனம் வெளியிட்டது. முதல் வாரத்திலேயே பத்து இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாக அந்த நிறுவனம் அறிவித்தது. உலகெங்கும் நாற்பது வயதைத் தொட்டவர்கள் சிறுபிள்ளைகளைப் போலக் குதூகலித்த அந்த வாரத்தில், நாட்டின் பொருளாதார நெருக்கடியால் எங்களுக்கு எரிபொருளும் இல்லை, நாள்தோறும் சில மணி நேரம் மின்சாரமும் இல்லை. ஆயினும் அந்தக் குதூகலத்தில் நாங்களும் இருந்தோம். எப்படி இருந்தோம் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

ரசிகர்களின் மகிழ்ச்சியைப் புரிந்துகொள்ள, அவர்கள் எதை நினைவில் வைத்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1984இல் கெவின் ஈஸ்ட்மன், பீற்றர் லெயார்ட் என்ற இருவர் வரைந்த கறுப்பு வெள்ளைச் சித்திரக்கதையிலிருந்து 1987இல் தொலைக்காட்சிக் கார்ட்டூன் பிறந்தது. அது 1996 வரை 193 பாகங்களாக ஓடியது. நியூயோர்க் நகரத்தின் கழிவுநீர்க் குழாய்களுக்குள் வாழும் நான்கு ஆமைகள், அவற்றுக்குச் சண்டை பழக்கும் ஸ்ப்ளின்டர் என்ற எலி, தகரக் கவசம் போட்ட ஷ்ரெடர் என்ற பகைவன், ஓயாத பீற்சா ஆகியவைதான் அதன் உலகம். 1989இல் கொனாமி நிறுவனம் அந்தக் கார்ட்டூனை நாணயம் போட்டு விளையாடும் பெரிய இயந்திரமாக ஆக்கியது. நால்வர் தோளோடு தோள் உரசி நின்று விளையாடக்கூடிய அந்த இயந்திரத்தையும், 1991இல் அதைத் தொடர்ந்து வந்த ‘டர்ட்டில்ஸ் இன் டைம்’ விளையாட்டையும்தான் மேற்கு நாட்டு ரசிகர்கள் இன்றும் கண்கலங்கப் பேசுகிறார்கள். அவர்களின் கதைகளில் எப்போதும் ஒரு பீற்சாக் கடை வரும், சட்டைப் பையில் சில்லறை வரும், சில்லறை தீர்ந்து போகும் துயரமும் வரும்.

எங்கள் கதையில் தீர்ந்து போவது மண்ணெண்ணெய்.

வட்டக்கச்சியில் நான் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு, போர் முடிந்து மீளக் குடியேறிய பின்னர்தான் மின்கம்பி வந்தது. தொண்ணூறுகளில் பற்றரியும் எரிபொருளும் வன்னிக்குள் வருவதற்குத் தடை இருந்ததால், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலத்தை என் அண்ணன்மார் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதி திறந்தபோது எனக்கு எட்டு வயது. ஓமந்தைச் சோதனைச் சாவடி வழியாகப் பொருட்களும் உறவினர்களும் வரத் தொடங்கினர். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குத் தொலைக்காட்சியும் வீடியோ டெக்கும் வந்தன. ஜெனறேற்றர் இன்னொரு வீட்டாருடையது. பெற்றோலில் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடும் அந்தச் சிறிய இயந்திரம் ஒரு போத்தல் மண்ணெண்ணெயில் எவ்வளவு நேரம் ஓடும் என்பது, அந்த ஒழுங்கையில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பாடு போல மனப்பாடம்.

ஆமைகள் எங்களிடம் மூன்று வழிகளில் வந்து சேர்ந்தன. முதலில் வந்தது ரொறன்ரோவிலிருந்து மாமா கொண்டுவந்த வீடியோ கசெற். அதில் மூன்று பாகங்கள் இருந்தன. வட அமெரிக்காவின் ஒளிபரப்பு முறை வேறு, எங்களுடையது வேறு என்பதால் அந்தக் கசெற் எங்கள் தொலைக்காட்சியில் நிறமில்லாமல் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடியது. இதன் விளைவை அந்தக் கார்ட்டூனைப் பார்த்தவர்களால்தான் உணர முடியும். நான்கு ஆமைகளும் ஒரே அச்சில் வார்த்தவை. முகத்தில் கட்டியிருக்கும் துணியின் நிறம்தான் அவற்றை வேறுபடுத்துகிறது: லியோனார்டோவுக்கு நீலம், ராஃபேலுக்குச் சிவப்பு, மைக்கலாஞ்சலோவுக்குச் செம்மஞ்சள், டொனாட்டெலோவுக்கு ஊதா. எங்களுக்கு எல்லாமே சாம்பல். ஆகவே ஆயுதத்தைக் கொண்டும், ஆயுதம் கையில் இல்லாத இடங்களில் குரலைக் கொண்டும்தான் யார் எவரென்று பிரித்தறிந்தோம். ஆங்கிலம் ஒரு சொல்லும் விளங்காத நாங்கள் அந்த நான்கு குரல்களையும், பறவைகளின் குரலைப் பிரித்தறிவது போலப் பிரித்தறிந்தோம்.

அடுத்த ஆண்டு இலண்டனிலிருந்து ஒரு சித்தப்பா கொண்டுவந்த கசெற்றில் நிறம் இருந்தது, பெயர்தான் மாறியிருந்தது. பிரித்தானியாவில் ‘நிஞ்ஜா’ என்ற சொல் பிள்ளைகளுக்கு ஆகாதென்று கருதி, அங்கே அந்தக் கார்ட்டூனுக்கு ‘ஹீரோ டர்ட்டில்ஸ்’ என்று பெயரிட்டிருந்தார்கள். மைக்கலாஞ்சலோ சங்கிலித் தடியைச் சுழற்றும் காட்சிகளையும் வெட்டியிருந்தார்கள். கனடாக் கசெற்றில் சுழற்றியவன் இலண்டன் கசெற்றில் ஏன் சுழற்றவில்லை என்று நாங்கள் பல மாலைகள் வாதாடியிருக்கிறோம். காரணம் எனக்குத் தெரியவந்தது இருபத்தைந்து வயதுக்குப் பிறகுதான்.

மூன்றாவதாக வந்தது வவுனியாவில் வாங்கிய ரிவி கேம். நின்டென்டோ இயந்திரத்தைப் பார்த்துச் செய்த மலிவுப் பெட்டி அது. அதனுடன் வந்த கேம் கசெற் ஒன்றில் 1989இல் கொனாமி வீட்டு இயந்திரத்துக்காக வெளியிட்ட முதலாவது ஆமை விளையாட்டு இருந்தது. நால்வர் சேர்ந்து விளையாடும் பெரிய இயந்திர விளையாட்டுக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு. இதை ஒருவர்தான் விளையாடலாம். ஆனால் விளையாட்டை இடையில் நிறுத்தி, நான்கு ஆமைகளில் எதை வேண்டுமானாலும் மாற்றி எடுக்கலாம். நாங்கள் ஆறு பேர். எங்களுக்குள் ஒரு சட்டம் செய்துகொண்டோம்: திரையில் எந்த ஆமை நிற்கிறதோ, அந்த ஆமைக்குரியவன் கையில்தான் ஜோய்ஸ்ரிக் இருக்க வேண்டும். ஆமை மாறினால் கை மாறும். லியோனார்டோ என்னுடையது. மைக்கலாஞ்சலோ மாமாவின் மகனுடையது. மாமாவைத் தவிர அவர்கள் குடும்பம் அப்போது இங்கேதான் இருந்தது. ராஃபேல் இப்போது பாரிஸில் இருக்கும் நண்பனுடையது. டொனாட்டெலோ பக்கத்து வீட்டுப் பையனுடையது. அவன் அதைத் தேர்ந்ததற்குக் காரணம், கோல் நீளமானது, எட்ட நின்றே அடிக்கலாம் என்பது. அந்த விளையாட்டில் டொனாட்டெலோவே மிகச் சிறந்தவன் என்று உலகம் முழுவதும் உள்ள ரசிகர்கள் இன்று ஒரே குரலில் சொல்வதை, அவன் ஒன்பது வயதில் தானாகவே கண்டுபிடித்திருந்தான். எஞ்சிய இருவரில் ஒருவன் இப்போது வவுனியாவில் கடை வைத்திருக்கிறான். மற்றவள் என் தங்கை. அவர்களுக்கு ஆமை கிடைக்கவில்லை. கொட்டிலில் நின்று ஜெனறேற்றரைப் பார்த்துக்கொள்வதும், மண்ணெண்ணெய் அடிக்குப் போகும்போது குரல் கொடுப்பதும் அவர்கள் வேலையாக இருந்தன.

அந்த விளையாட்டின் இரண்டாவது கட்டத்தில் ஓர் அணைக்கட்டு வரும். நீருக்கடியில் எட்டுக் குண்டுகள். அவற்றைச் செயலிழக்கச் செய்ய இரண்டு நிமிடமும் இருபது விநாடியும்தான் கிடைக்கும். இரு பக்கமும் மின்சாரம் பாயும் நீர்ப்பாசி. அதில் உரசினால் உயிர் குறையும். இந்தக் கட்டத்தைப் பற்றிப் பேசாத ஆமை ரசிகர் உலகில் இல்லை. இரணைமடுக் குளத்து வாய்க்காலில் மணிக்கணக்காக நீந்திய பிள்ளைகளாகிய எங்களால் அந்த அணைக்கட்டுக்கு அடியில் நீந்திக் கரையேற முடியவில்லை. ஆறு குண்டு வரை போனோம், ஒரு தடவை ஏழு வரை போனோம். 2006 ஆகஸ்டில் ஏ9 மீண்டும் மூடப்பட்டது, மண்ணெண்ணெய் விளக்குக்கே போதாமல் போனது, ரிவி கேம் பெட்டிக்குள் போனது. 2008இன் இறுதியில் வட்டக்கச்சியை விட்டு விசுவமடுப் பக்கமாக வெளிக்கிட்டபோது அந்தப் பெட்டியை உழவு இயந்திரத்தில் ஏற்றினோம். எந்த இடத்தில் அதை இறக்கி விட்டுவிட்டு நடந்தோம் என்பது வீட்டில் எவருக்கும் நினைவில்லை. டொனாட்டெலோவுக்குரியவன் 2009இல் இல்லாமல் போனான்.

இவ்வளவும் சொன்னால்தான் 2022இல் நாங்கள் கேட்ட குரல்களின் பெறுமதி விளங்கும். புதிய விளையாட்டைச் செய்தவர்கள், 1987ஆம் ஆண்டுக் கார்ட்டூனில் ஆமைகளுக்குக் குரல் கொடுத்த நால்வரையும் மீண்டும் அழைத்திருந்தார்கள்: லியோனார்டோவாகக் காம் கிளார்க், மைக்கலாஞ்சலோவாக டவுன்சென்ட் கோல்மன், டொனாட்டெலோவாகப் பாரி கோர்டன், ராஃபேலாக ரொப் போல்சன். ரசிகர்கள் முதலில் கொண்டாடியது இதைத்தான். வயது ஏறியதால் குரல் சற்றுக் கனத்திருக்கிறது என்று சிலர் குறைப்பட்டார்கள். அது உண்மைதான், கூர்ந்து கேட்டால் தெரியும். ஆனால் மாமாவின் மகன் அனுப்பிய பணத்தில் அந்த விளையாட்டை வாங்கி, மின்சாரம் இருந்த ஓர் இரவில் முதன்முதலாக அதைத் திறந்தபோது, நான் திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வோர் ஆமையாகத் தேர்ந்து பார்த்தேன். நான்கையும் பிழையில்லாமல் சொன்னேன். கறுப்பு வெள்ளைக் கசெற் பழக்கிவிட்ட காது அது. பணத்தை அவன் அனுப்பினான் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இருபத்தைந்து டொலர் என்பது அந்த மாதத்து விலையில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபா. சில மாதங்களுக்கு முன்னர் அது ஐயாயிரமாக இருந்தது. அந்த நேரத்தில் ஒரு விளையாட்டுக்காக அவ்வளவு காசை எடுத்துவைக்க எனக்கு மனம் வந்திருக்காது.

படங்களைப் பற்றிய பாராட்டும் ஏறக்குறைய ஒருமித்தது. சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளால் ஒவ்வோர் அசைவையும் கையால் வரைந்திருக்கிறார்கள். எதிராளிப் படைவீரர்கள் செய்யும் வேடிக்கைகள் கார்ட்டூனின் நகைச்சுவையை அப்படியே கொண்டுவருகின்றன. ட்ரிபியூட் கேம்ஸின் நிறுவனர்கள் முன்னர் வேறொரு பெரிய நிறுவனத்தில் இருந்தபோதே, 2007இல் கையடக்க இயந்திரம் ஒன்றுக்கான ஆமை விளையாட்டில் உழைத்தவர்கள். புதிய கை அல்ல என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘பழைய இயந்திரத்தில் இருந்தது போலவே இருக்கிறது’ என்று பலர் மகிழ்ந்தாலும், பழைய இயந்திரம் இப்படி இருந்ததில்லை. 1989இன் ஆமைகளுக்கு இவ்வளவு அசைவுகள் கிடையாது; நான்கும் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் அடிக்கும். இப்போது ராஃபேலுக்குப் பலம் கூட, எட்டுந்தூரம் குறைவு; டொனாட்டெலோவுக்கு எட்டுந்தூரம் கூட, வேகம் குறைவு; மைக்கலாஞ்சலோ வேகக்காரன். நாங்கள் சிறுவயதில் எங்கள் ஆமைகளுக்கு மனதால் கொடுத்திருந்த குணங்களை, இருபது ஆண்டுகள் கழித்து இவர்கள் இயந்திரத்துக்குள் வைத்திருக்கிறார்கள். பழையதைப் பார்த்து எழுதியதாக இதை நான் கருதவில்லை. பிள்ளைகள் அதில் எதைக் கண்டார்களோ அதை வரைந்திருக்கிறார்கள்.

என் தங்கையின் மகிழ்ச்சி வேறு இடத்தில் இருந்தது. கார்ட்டூனில் ஏப்ரல் ஓ நீல் என்ற செய்தியாளர் பெண், பாகத்துக்குப் பாகம் பிடிபட்டு, கட்டுண்டு, ஆமைகள் வந்து மீட்பதற்காகக் காத்திருப்பவள். புதிய விளையாட்டில் அவளையும் எடுத்து விளையாடலாம். ஒலிவாங்கியாலும் ஒளிப்படக் கருவியாலும் அடித்து நொறுக்குவாள். ஸ்ப்ளின்டரும் உண்டு. கதையை ஒருமுறை முடித்தால் கேசி ஜோன்ஸும் வருவான். ஏப்ரலைத் திரையில் கண்டதும் தங்கை, ‘இனி ஜெனறேற்றரை நீங்கள் பாருங்கோ அண்ணா’ என்று சொல்லி என் கையிலிருந்த கொன்ரோலரை வாங்கிக்கொண்டாள். பெண் ரசிகர்கள் பலருக்கும் ஏப்ரல்தான் இந்த விளையாட்டின் நாயகி என்று அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

குறைகளும் பேசப்பட்டன. பதினாறு பாகங்களையும் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம், இந்த விலைக்கு இது போதாது என்பது முதன்மையான குறை. தனியாக விளையாடும் ஒருவருக்கு அது நியாயமான குறைதான். எதிராளிகள் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பதும் சரியே. என் சொந்தக் குறை ஒன்றும் உண்டு: ஆறு பேர் சேர்ந்துவிட்டால் திரையில் நெரிசல் தாங்க முடியாது, தன் ஆமை எங்கே நிற்கிறது என்று தேடும் நேரத்தில் இரண்டு அடி விழுந்துவிடும். ஆயினும், பழைய நினைவைக் காசாக்குவதைத் தவிர இதில் வேறெதுவும் இல்லை என்று சிலர் சொன்னதை நான் ஏற்கவில்லை. அப்படி மட்டும் இருந்திருந்தால், அதே ஆண்டு ஆகஸ்ட் 30இல் கொனாமி தன் பழைய ஆமை விளையாட்டுகள் பதின்மூன்றை ஒரே தொகுப்பாக வெளியிட்டதோடு எல்லோருக்கும் போதுமென்று ஆகியிருக்கும். ஆகவில்லை. அந்தத் தொகுப்பை வாங்கியவர்களும் இதற்குத் திரும்பி வந்தார்கள். 2023 ஆகஸ்டில் புதிய பாத்திரங்களோடு விரிவாக்கம் வந்தபோதும் வந்தார்கள்.

அந்தத் தொகுப்பில்தான் எங்கள் அணைக்கட்டும் இருந்தது. வவுனியா நண்பன் அதை வாங்கி, ஓரிரவு விழித்திருந்து அணைக்கட்டைத் தாண்டிவிட்டதாக விடியற்காலையில் செய்தி அனுப்பினான். பிழை விட்டால் காட்சியைப் பின்னோக்கி இழுத்துத் திருத்தும் வசதி அந்தத் தொகுப்பில் உண்டு. அதைப் பயன்படுத்தியதாகவும் நேர்மையாக எழுதியிருந்தான். அது செல்லுமா செல்லாதா என்று நாங்கள் ஐவரும் ஒரு வாரம் வாதாடினோம். செல்லாது என்பதே என் தீர்ப்பு. பாரிஸ் நண்பன், பதினாறு ஆண்டுகள் காத்திருந்தவனுக்குப் பின்னோக்கி இழுக்க உரிமை உண்டு என்றான். இன்னும் முடிவாகவில்லை.

புதிய விளையாட்டில் நான் மிகவும் நேசிக்கும் விடயங்கள் இரண்டு. ஒன்று, சில பாகங்களில் மறைத்து வைத்திருக்கும் பொருட்களுள் வீடியோ கசெற்றும் ஒன்று. பெட்டியை உடைக்கும்போது அது கறுப்பாக வெளியே விழும். அதை எடுக்காமல் நான் ஒரு பாகத்தையும் கடந்ததில்லை. மற்றது, விழுந்தவனை எழுப்பும் முறை. உயிர் தீர்ந்து ஒருவன் விழுந்தால் எண்ணிக்கை ஓடத் தொடங்கும். அது முடிவதற்குள் தோழன் ஒருவன் ஓடிப்போய்ப் பீற்சாத் துண்டை நீட்டினால் விழுந்தவன் எழுந்துவிடுவான். நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தச் சில விநாடிகளில் நீட்டுபவன் அடிவாங்குவான். அதற்கு உடன்பட்டுத்தான் ஓட வேண்டும். உயிர் குறைந்திருக்கும் தோழனுக்குக் கையில் அடித்து, தன் உயிரில் கொஞ்சத்தைப் பகிர்ந்து கொடுக்கவும் முடியும். நாணயம் விழுங்குவதற்காகச் செய்த பழைய இயந்திரத்தில் இது இருந்ததில்லை. ரசிகர்கள் இந்த விளையாட்டைத் தனியே முடித்த கதையைக் காட்டிலும், தமையனோடு, மகளோடு, பிரிந்துபோன பாடசாலைத் தோழனோடு முடித்த கதையையே அதிகம் சொல்வதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

மின்வெட்டு ஓய்ந்த பின்னர் ஒரு சனிக்கிழமை இரவு நாங்கள் ஐவரும் முதன்முறையாக ஒன்றாக விளையாடினோம். ரொறன்ரோவில் அது காலை, பாரிஸில் மாலை. நான் லியோனார்டோ, மாமாவின் மகன் மைக்கலாஞ்சலோ, பாரிஸ் நண்பன் ராஃபேல், தங்கை ஏப்ரல், வவுனியா நண்பன் ஸ்ப்ளின்டர். எவரும் எதுவும் பேசிவைக்கவில்லை. டொனாட்டெலோ அப்படியே நின்றான். இரண்டு பாகங்கள் முடிந்தபோது பாரிஸ் நண்பனின் மகன் இன்னொரு கணினியிலிருந்து தானும் வருவதாகச் சொன்னான். ஏழு வயது. படம் ஏன் கட்டம் கட்டமாக இருக்கிறது, பழுதா என்று முதலில் கேட்டான். பழைய தொலைக்காட்சிக் கண்ணாடியில் இந்தக் கட்டங்கள் ஒன்றோடொன்று கரைந்து வழவழப்பாகத் தெரியும் என்று அவனுடைய தகப்பன் விளக்கிக்கொண்டிருக்கையில், அவன் காத்திராமல் டொனாட்டெலோவைத் தேர்ந்துவிட்டான். ஊதா தனக்குப் பிடித்த நிறம் என்றான்.

ஒருவரும் பேசவில்லை. பிழையான ஆளை எடுத்துவிட்டேனா என்று பிள்ளை தமிழில் மெதுவாகக் கேட்டான். ‘இல்லையப்பு, நல்ல ஆள்தான். கோல் நீளம், எட்ட நிண்டே அடிக்கலாம்’ என்று தங்கைதான் சொன்னாள்.

அவன் எட்ட நிற்கவில்லை. நேராகப் போய்ப் படைவீரர்களின் நடுவில் நின்றான், அடுத்த நிமிடமே விழுந்தான். எண்ணிக்கை ஓடத் தொடங்கியதும், எவன் முதலில் எதிராளியைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கும் வரவில்லை. நான்கு பக்கத்திலிருந்தும் ஐந்து பேரும் பீற்சாத் துண்டை நீட்டிக்கொண்டு ஓடினோம், ஐந்து பேருக்கும் முதுகில் அடி விழுந்தது. பிள்ளை எழுந்துவிட்டான்.